வெள்ளிமூஞ்சி குடியிருந்த அறை

எழுத்தை எங்கே நிறுத்துவது, மஞ்சளுக்குப் பக்கத்தில் எந்தச் சிவப்பு எடுபடும், ஓரத்தில் எவ்வளவு விட்டு வெட்டுவது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர இந்த அச்சகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்று வீட்டில் கிடந்தவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "அனுபவத்தைச் சொல்லுங்க அண்ணாச்சி" என்கிறீர்கள். சொல்கிறேன். முதலில் போனை உள்ளே வையுங்கள். பாதியில் எவனாவது போனை நோண்டினால் எழுந்து போய்விடுவேன். எனக்கு வீட்டில் வேலை இல்லாமல் இல்லை.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உங்களில் ஒரு பிள்ளை கம்ப்யூட்டரில் பழைய பட்டாசு லேபிள்களைத் துழாவிக்கொண்டிருந்தது. "இந்தப் பேய் சூப்பரா இருக்கே, யாரு வரஞ்சது?" என்று கேட்டது. நான்தான் வரைந்தேன். அவன் பெயர் வெள்ளிமூஞ்சி. அவன் எங்கே பிறந்தான், எப்படி வளர்ந்தான், கடைசியில் எங்கே போய்க் குடியேறினான் என்று கேட்டுவிட்டு, பிறகு அந்தப் படத்தின்மேல் கைவையுங்கள்.

எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலை வைத்திருந்த ஒரு முதலாளி எங்களுக்கு வாடிக்கை. பெயர் வேண்டாம். நல்ல மனிதர்தான், தீபாவளி சீசன் நெருங்கினால் மட்டும் வேறு ஆள். ஒருநாள் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, சிங்கம் போட்டாச்சு, மயில் போட்டாச்சு. சாமி படம் போட்டா வெடிச்சுக் காலுக்குக் கீழ கெடக்குதுன்னு சண்டைக்கு வாராக. இந்தப் புது வெடிக்கு எனக்குப் பேய் வேணும். கடையில பாத்த பிள்ள அப்பன் வேட்டிக்குள்ள போய் ஒளியணும். ஒளிஞ்சுக்கிட்டே அதத்தான் வாங்கித் தரணும்னு அழுகணும்."

கொம்பு வைத்து, நாக்கைத் தொங்கவிட்டு வரைந்து காட்டினேன். சிரித்துவிட்டார். "கூத்துல வார அரக்கன் கணக்கா இருக்கு. பால்குடிப் பிள்ளகூடச் சிரிக்கும்." எனக்குச் சுருக்கென்றது. கோடு போடத் தெரிந்தவனைப் பார்த்துச் சிரித்தால் வேறு எப்படி இருக்கும்?

அந்த வாரமே வேறு லேபிளின் புரூஃபை, அச்சு மாதிரியை, காட்ட எடுத்துக்கொண்டு அவர் ஆலைக்குப் போனேன். நல்ல வெயில். அறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நின்றன, நடுவில் ஒற்றை வேப்பமரம். வெடிமருந்து கலக்கும் அறைக் கதவைத் திறந்துகொண்டு ஓர் ஆள் வெளியே வந்தான். அலுமினியப் பவுடர் அவன்மேல் முழுக்கப் படிந்திருந்தது. தலைமுடி, புருவம், இமை, காது மடல் எல்லாம் வெள்ளி. அதற்குள்ளே ரத்தச் சிவப்பாக இரண்டு கண்கள். என்னைப் பார்த்து வாயைத் திறந்தான். உள்ளே நாக்கும் ஈறும் அவ்வளவு சிவப்பு. அவன் கேட்டது குடிக்கத் தண்ணீர்தான். ஆனால் அந்த ஒரு கணம் நான் பார்த்தது மனிதனை இல்லை.

அதைத்தான் வரைந்தேன். கொம்பு கிடையாது, கோரைப் பல் கிடையாது. வெள்ளி முகம், சிவந்த கண், திறந்த வாய், பின்னால் கறுப்பு. அவ்வளவுதான்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அப்போது உயிரோடு இருந்தார். கல்லில் படம் எழுதி அச்சடித்த காலத்து ஆள், என்னை "லே" போட்டுத்தான் கூப்பிடுவார். படத்தை வெகுநேரம் பார்த்தார். "நல்லா வந்திருக்குலே. கண்ண மட்டும் ஒருபக்கமாத் திருப்பிவிடு" என்றார். ஏன் என்று கேட்டேன். "வாங்குறவன் ஒரு நிமிசம் பாப்பான். ஒட்டுற பொம்பள நாள் பூரா பாக்கணும்லே."

கண்ணைத் திருப்பி வரைந்துதான் அனுப்பினேன். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. நேராகப் பார்த்தால்தான் பயம் வரும் என்றார். காசு கொடுக்கிறவர் அவர், கண் நேரே ஆயிற்று. பெரியவர் சொன்னதை மட்டும் நீங்கள் மனதில் வையுங்கள். நாம் செய்கிற லேபிளை முதலில் பார்ப்பது கடையில் நிற்கிற பிள்ளை இல்லை, பசைச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்.

வெடி விற்றது. விற்றது என்றால் அப்படி விற்றது. அடுத்த சீசனுக்கு அதே முகத்தைப் பெரிதாகக் கேட்டார்கள்.

ஆலையில் வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. கட்டுக்கட்டாக அந்த முகத்தை எடுத்து ஒட்டிய பெண்கள் அவனுக்கு வெள்ளிமூஞ்சி என்று பெயர் வைத்தார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தது, அவன் பார்த்துவிட்டான் என்றார்கள். லேபிளைக் குப்புற வைத்து எடுத்து ஒட்டினார்கள். ஆனைக்குட்டம் பக்கம் வேறொரு ஆலையில் ஓர் அறை வெடித்துச் சிதறியது. அந்தச் சாம்பலில் வெள்ளிமூஞ்சி நடந்துபோனதைப் பார்த்ததாக ஒருவர் சொல்ல, அதை நூறு பேர் சொன்னார்கள். அவனுக்கு நகம் உண்டு என்று கதை வந்தது. எனக்கு அது காதில் விழுந்தது. அடுத்த லேபிளில் நகம் போட்டேன். லேபிளில் நகத்தைப் பார்த்தவர்கள், "பாத்தியா, நாஞ் சொல்லல?" என்றார்கள். இப்படித்தான் அவன் வளர்ந்தான். கதை எனக்குக் கொடுத்தது, நான் கதைக்குக் கொடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அது பிடித்தும் இருந்தது.

இதில் மூன்றாவதாக ஒருவர் கைவைத்தார். அந்த ஆலையின் போர்மேன். சூடேறிய மருந்து லேசாக உரசினாலே பிடித்துக்கொள்ளும், உச்சி வெயிலில் அதோடு உட்காரக்கூடாது என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கூரை கொதிக்கும்போது பெண்கள் எழுந்து வந்து வேப்பமரத்தடியில் உட்காருவார்கள். சீசன் ஆர்டர் குவியவும் போர்மேனுக்கு அது பொறுக்கவில்லை. திட்டிப் பார்த்தார், நடக்கவில்லை. பிறகு ஒரு கதையைக் கட்டிவிட்டார். உச்சி வேளைக்கு முனி நடமாடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கைதானே? அதில் என் ஆளை ஒட்டிவைத்தார். "உச்சிக்கு மரத்தடியில வெள்ளிமூஞ்சி நிக்கான். போறவ போங்க, அப்புறம் என்னையக் கேக்காதீக."

ஒருத்தியும் போகவில்லை. மதியம் முழுக்கக் கதவை ஒருக்களித்துக்கொண்டு, அந்தச் சூட்டில், மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. அடுத்த சீசனுக்கான புரூஃபைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஒரு மதியம் போனேன். வாசலில் வழக்கம்போலச் சோதித்து, போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேப்பமரத்தைத் தாண்டும்போது, நிழலில் ஒருவரையும் காணோமே என்று திரும்பினேன்.

எதிரே மருந்து அறை வாசலில் சண்முகத்தாய் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். பல வருடமாக அங்கே வேலை பார்க்கிறவள், என்னைக் கண்டால் நலம் விசாரிக்காமல் விடமாட்டாள். அவளுக்கு முன்னால் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். அதற்குப் பக்கத்தில் வெற்றிலை. வெற்றிலையில் கற்பூரம். கையில் தீப்பெட்டி.

நம் ஊரில் தீப்பெட்டிக்கா பஞ்சம்? எப்படியோ முந்தியில் முடிந்து கொண்டுவந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால், திறந்த கதவுக்குள், தட்டுத் தட்டாக மருந்து. அதற்கு நடுவே பெண்கள். அவள் குச்சியை எடுத்துவிட்டாள்.

கத்தலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கத்தினால் பதறுவாள், பதறினால் கை உரசும். ஓடினாலும் அதேதான். நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால் ஒன்றும் நினைக்கவில்லை. காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, சந்தையில் பேசுகிற மாதிரிக் கேட்டேன்.

"என்ன தாயி, யாருக்குத் திருஷ்டி கழிக்க?"

"கிட்ட வராதீக அண்ணாச்சி. மரத்தடியில அவன் நிக்கான். மக உள்ள மூச்சு முட்டிக் கெடக்கா, மாசமா இருக்கவ. கற்பூரத்தக் காட்டி அவன அங்கிட்டு விரட்டிட்டு, இவள வெளிய கூட்டியாந்துருதேன்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். அவள் மகள் சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள்.

பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நீங்களாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். அவள் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும். ஒங்களுக்கென்ன அண்ணாச்சி, என்று சொல்லிவிட்டுக் குச்சியைக் கிழிப்பாள். பயந்து கிடக்கிறவளிடம் போய்ப் பயமே பொய் என்றால் ஏறுமா? அவள் நின்ற இடத்துக்கு நான் போனால்தான் அவள் கையை எட்ட முடியும்.

"சண்முகத்தாயி, அவன வரஞ்சது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப அவனப் பத்தி எனக்குத் தெரியுமா, ஒனக்குத் தெரியுமா?"

கை நின்றது.

"மரத்தடிக்கு அவன் வரமாட்டான் தாயி. அவனுக்குக் காத்து ஆகாது, நெழலு ஆகாது. கூரை சுடணும், கதவு அடச்சுக் கெடக்கணும், பக்கத்துல மருந்து இருக்கணும். உச்சிக்கு அவன் உள்ளதான் இருப்பான். நீ நெருப்பக் காட்டினா அவனுக்குப் படையல் வச்ச மாதிரி. வந்து சப்பணம் போட்டு உக்காந்துருவான்."

மெல்லத் திரும்பி அறைக்குள் பார்த்தாள். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பெற்ற மகள் உள்ளே இருக்கிறாள், பேயும் உள்ளே இருக்கிறான் என்று ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

"உள்ளயா அண்ணாச்சி?"

"உள்ளதான். தீப்பெட்டிய என் கையில குடு. பிள்ளைகள ஒவ்வொருத்தியா வரச்சொல்லு. ஓடக்கூடாது, தட்டுல கால் படக்கூடாது."

கொடுத்தாள். சட்டைப்பையில் போட்டு மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டேன். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். பக்கத்து அறைப் பெண்களும் விஷயம் கேட்டு எழுந்து வந்தார்கள். மகளுக்குத் தண்ணீர் கொடுத்து முகத்தைத் துடைத்துவிட்டாள் சண்முகத்தாய்.

போர்மேன் கத்திக்கொண்டே வந்தார். சத்தம் கேட்டு முதலாளியும் வந்துவிட்டார். வேலை நின்று கிடந்தது. முதலாளி என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, நீங்க வரஞ்ச படந்தான? அது வெறும் காகிதம்னு இவுககிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க. எந்திரிச்சுப் போயி வேலையப் பாக்கட்டும்."

அத்தனை பெண்களும் என்னைப் பார்த்தார்கள். காகிதம் என்று சொன்னால் திரும்ப உள்ளே போவார்கள். தீப்பெட்டி விஷயத்தைச் சொன்னால் சண்முகத்தாய்க்குச் சோறு போகும், அவள் மகளுக்கும் போகும். சொல்லாவிட்டால் எங்கள் அச்சகத்துக்கு ஒரு பெரிய வாடிக்கை போகும்.

"அவன் இருக்கான் முதலாளி" என்றேன். "உச்சிக்கு உள்ளதான் இருக்கான். வெயில் தாழாம யாரையும் அனுப்பாதீக."

முதலாளி என்னை முறைத்தார். பிறகு அறைக் கூரையைப் பார்த்தார். மருந்தோடு பிறந்து வளர்ந்த மனிதர், அவருக்கு விளங்கிவிட்டது. "வெயில் தாழட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போர்மேன் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் கட்டிய கதையை அவர் கண்முன்னாலேயே திருப்பிப் போட்டுவிட்டேன் அல்லவா?

அன்றிலிருந்து உச்சி வேளையில் ஓர் அறையிலும் ஆள் கிடையாது. வெள்ளிமூஞ்சி உள்ளே போய்க் குடியேறிவிட்டான். எனக்கு ஒரே பெருமிதம். இதை வீட்டில் சொல்லிச் சொல்லி மார்தட்டிக்கொண்டேன். பயத்தை ஓர் இடத்தில் எடுத்து இன்னோர் இடத்தில் வைத்துவிட்டால் அது அங்கேயே சும்மா இருக்கும் என்று நினைத்தேன்.

தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கும் சமயத்தில் மறுபடி போனேன். உச்சி நேரம். பெண்கள் மரத்தடியில் சோற்றுவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். போர்மேன் அன்று யாரிடம் என்ன ஏச்சு வாங்கினாரோ, முகம் கடுகடுவென்று இருந்தது. எங்களைப் பார்த்துச் சத்தம்போட்டார்.

"எங்கன இருக்கான் ஒங்க வெள்ளிமூஞ்சி? இந்தா, நானே போயி உக்காருதேன். என்னையத் தின்னுட்டான்னா நாளைக்கு நீங்க யாரும் வேலைக்கு வரவேண்டாம். திங்கலன்னா, நாளையில இருந்து ஒருத்தி வெளிய வரக்கூடாது."

"போகாதீக, சூடு இறங்கட்டும்" என்றேன். "நீங்க பேசாதீக அண்ணாச்சி, எல்லாம் ஒங்களால வந்தது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவை ஓங்கிச் சாத்தினார். உள்ளே தட்டுகளைத் தரதரவென்று இழுக்கும் சத்தம் கேட்டது. கோபத்தில் இழுக்கிறார்.

முதலில் சத்தமே வரவில்லை. கதவு இடுக்கெல்லாம் வெள்ளையாக வெளிச்சம் பீறிட்டது. அப்புறம்தான் குப்பென்று ஒரு சத்தம், கதவு பெயர்ந்து விழுந்தது. புகைக்குள்ளிருந்து ஒருவன் வந்தான். தலையிலிருந்து கால்வரை வெள்ளி. சட்டையில் நெருப்பு. சிவந்த கண், திறந்த வாய். லேபிளில் என்ன வரைந்தேனோ அது நடந்து வந்தது.

பெண்கள் அலறினார்கள். நான்தானே சொல்லியிருந்தேன், அவன் உள்ளே இருக்கிறான் என்று? போர்மேன் என்ற நினைப்பே ஒருத்திக்கும் வரவில்லை. ஓடினவர்கள் ஓடினார்கள். நின்றவர்கள் கல்லை எடுத்து எறிந்தார்கள். அவர் கையை நீட்டிக்கொண்டு எங்களைப் பார்த்து வர வர, கல் இன்னும் பலமாக விழுந்தது.

"எறியாதீக! மனுசன்! நம்ம போர்மேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் கேட்பார்கள்? இருக்கிறான் என்று சொன்னதும் இதே வாய். தண்ணீர்ப் பானைக்கு அடியில் கிடந்த ஈரச்சாக்கை உருவிக்கொண்டு ஓடினேன். முதுகில் ஒரு கல் விழுந்தது. அவரைக் கட்டிப்பிடித்துச் சாக்கோடு மண்ணில் உருட்டினேன். என் கையும் வெந்தது. பக்கத்துத் தட்டுகள் எப்போது பிடிக்குமோ என்று முதுகெல்லாம் கூசியது. ஒற்றை ஆளாக அவரை இழுக்க முடியவில்லை.

"யம்மா" என்றார் அவர்.

யாரோ கல்லைக் கீழே போடும் சத்தம் கேட்டது. "ஏ நில்லுங்கடி!" என்று சண்முகத்தாய் கத்தினாள். "பேயி எங்கிட்டாச்சும் யம்மான்னு கூப்புடுமா?" பானையைத் தூக்கிக்கொண்டு அவள்தான் முதலில் வந்தாள். அவர்மேல் ஊற்றிவிட்டு, காலைப் பிடித்தாள். இரண்டு பேருமாக மரத்துக்கு அப்பால் இழுத்துப்போட்டோம். அதற்குப் பிறகுதான் அறை முழுவதும் வெடித்துப் போனது. மண்ணும் ஓடும் எங்கள்மேல் கொட்டியது. உள்ளே ஒருவரும் இல்லை.

போர்மேன் பிழைத்தார். கைகள் இரண்டும் சரியாக மடங்காது. முதலாளி அந்த லேபிளை நிறுத்திவிட்டார், வேறு யார் யாரோ அதைப் பார்த்து வரைந்து இன்னும் விற்கிறார்கள். இனி யாருக்காவது பயத்தை வரைந்து கொடுக்கும்போது, அது எங்கே போய் உட்காரும் என்று யோசியுங்கள் என்று உங்களுக்குச் சொல்லலாம். சொல்லிவிட்டேன். ஆனால் அந்த மதியம் அந்தக் கற்பூரத்துக்கு முன்னால் மறுபடி நிறுத்தினால் நான் வேறு என்ன சொல்லுவேன் என்று எனக்கு இன்னும் தெரியாது. இந்தப் பயம் என்னோடு கிடக்கிறது.

கைக் காயம் ஆறியபின் ஒருநாள் சண்முகத்தாய் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது, மிட்டாய் கொண்டுவந்திருந்தாள். வேறு ஆலைக்குப் போவதாகச் சொன்னாள். எழுந்திருக்கும்போது கேட்டாள்.

"அண்ணாச்சி, நீங்கதான வரஞ்சீக. பிள்ள மேல சத்தியமாச் சொல்லுங்க. அவன் இருக்கானா, இல்லையா?"

இனிமேலும் பொய் சொல்லமுடியவில்லை.

"இல்ல தாயி. நான் பாத்தது பவுடர் படிஞ்ச ஒரு ஆளத்தான். அவன் எங்கயுமே கெடையாது."

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"போர்மேன் யம்மான்னு கூப்பிட்டப்பவே எனக்குத் தெரியும்" என்றாள். "அங்க வேலை பாக்குற பொம்பளைககிட்ட மட்டும் சொல்லிராதீக அண்ணாச்சி. உச்சிக்கு எங்கள வெளிய அனுப்ப அவன விட்டா வேற யாரு இருக்கா?"